அமுக்கிப் பார்க்கிறவர்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில், மணமகன் வகையில் எனக்குத் தூரத்து உறவான ஒரு பெரியவர், வெற்றிலை போட்ட வாயோடும் சந்தனம் காயாத கையோடும் என் சிறிய காரை நெருங்கி, அதன் முன்பக்கத்து மட்கார்டின்மேல் அந்த உள்ளங்கையை ஊன்றி, தேகத்தின் பாரம் முழுவதையும் இறக்கி இரண்டு தரம் அமுக்கிவிட்டு, வண்டி அசையாமல் நின்றதைக் கண்டு, "ஷாக் ஜாம் ஆயிருச்சுங்க மாப்ளே, காலாகாலத்துல மாத்திப் போட்டுருங்க" என்று தீர்ப்பு வழங்கினார். அந்த ஷாக்குகளில் பட்டறை வாசனைகூட இன்னும் மாறவில்லை என்பதையும், உயரத்தையும் இறுக்கத்தையும் இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளக்கூடிய உயர்ந்த ரகத்தைச் சேர்ந்தவை அவை என்பதையும், அவற்றின் விலையைக் கேட்டால் அவர் அந்தச் சந்தனக் கையை எடுத்துத் தம் நெஞ்சில் வைத்துக்கொள்ள நேரும் என்பதையும் நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விலை காதில் விழக்கூடிய தூரத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

சிறிய காருக்கு அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுப்பது எப்படி, பொருத்துவது எப்படி, பொருத்தியபின் கோயமுத்தூர்ச் சாலைகளுக்கு அதன் திருகை எத்தனையாவது நிலையில் நிறுத்துவது என்பதைப் பற்றி நாலு பேருக்கு உபயோகப்படும்படி ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்பதுதான் என் உத்தேசம். திருகின் எண்ணை முடிவில் அவசியம் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த அமுக்கும் விஷயத்தை ஒரு வழியாகப் பேசித் தீர்க்காவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

பழைய கார் வாங்க வந்தவர் அமுக்குகிறார். விற்க வந்தவர் முந்திக்கொண்டு தாமே அமுக்கிக் காட்டுகிறார். நடுவில் நிற்கும் புரோக்கர் இரு கட்சிக்கும் பொதுவாக ஒரு தரம் அமுக்கிவைக்கிறார். புது வண்டிக்குப் பூஜை போட வந்த மாமனார், எலுமிச்சம்பழம் நசுங்குவதற்கு முன்பே அமுக்கிவிடுகிறார். அடுக்குமாடியின் காவல்காரர், இரவு பத்து மணிக்குமேல் வேறு பொழுதுபோக்கு இல்லாத காரணத்தால், வரிசையாக நிற்கும் எல்லா வண்டிகளையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அமுக்கிக்கொண்டே போகிறார். இவர்களில் ஒற்றைக் கையால் அமுக்குகிறவர்கள் சாமான்யர்கள். இரண்டு கைகளாலும் அமுக்கி, கைகளைச் சட்டென்று எடுத்துவிட்டு, ஏதோ அபசாரம் செய்தவர்போல் ஓரடி பின்வாங்கி நின்று கவனிக்கிறவர்கள் சற்றே அனுபவஸ்தர்கள். முழங்காலால் பம்பரை அழுத்துகிறவர்கள் உண்டு. பேச்சு வாக்கில் பானெட்டின்மேல் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, நம்மிடம் தேர்தல் முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டே அந்தரங்கமாகப் பரீட்சை நடத்துகிறவர்களும் உண்டு. எல்லாரிலும் அபாயகரமானவர் கண்களை மூடிக்கொண்டு அமுக்குகிறவர். நாடி பிடித்த சித்த வைத்தியர் மாதிரி அவர் முகத்தில் ஒரு தியான பாவம் படர்கிறது. சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். வண்டிக்குச் சொந்தக்காரன், தன் வாழ்நாளில் செய்த பாவங்களையெல்லாம் எண்ணியபடி, அவர் கண் திறப்பதற்காகக் காத்திருக்கிறான்.

திறந்தபின் கிடைக்கும் தீர்ப்புகள் மூன்றே வகை. அமுக்கி விட்டதும் வண்டி இரண்டு மூன்று தரம் ஆடினால், ஷாக் போய்விட்டது. ஒரு தரம் எழுந்து நின்றுவிட்டால், ஷாக் போகப்போகிறது. ஆடவே இல்லையென்றால், என் உறவினர் கண்டுபிடித்தபடி, ஷாக் ஜாம் ஆகிவிட்டது. ஷாக் நன்றாக இருக்கிறது என்ற நான்காவது தீர்ப்பை இத்தனை வயதில் நான் ஒருவர் வாயிலிருந்தும் கேட்டதில்லை.

அமுக்கிப் பார்ப்பதில் ஆதாரமே கிடையாது என்று நான் வாதிட வரவில்லை. ஷாக் அப்சார்பர் என்பது, சுருளின் துள்ளலைத் தன் வயிற்றிலுள்ள எண்ணெயைச் சிறு துவாரங்களின் வழியே பிழிந்து சூடாக மாற்றிச் சாந்தப்படுத்தும் கருவி. எண்ணெய் ஒழுகிப்போயிருந்தால் வண்டி ஊஞ்சலாடும், அதைக் கையால் அறியலாம், வாஸ்தவம். ஆனால் கை நிதானமாக இறங்குகிறது. பள்ளத்தில் சக்கரம் விழும்போதோ பிஸ்டன் ஓடுகிற வேகமே வேறு, அந்த வேகத்தில் திறக்கும் வால்வுகளும் வேறு. மேலும், கம்பெனி போட்டுத் தந்த முன் சுருள் ஒரு மில்லிமீட்டர் இறங்குவதற்கு இரண்டு கிலோவுக்கு முன்பின்னாகப் பாரம் கேட்கும். நான் வாங்கிய சுருளோ ஐந்து கிலோ கேட்கிறது. பெரியவர் ஐம்பது கிலோவை இறக்கினார் என்றே வைத்துக்கொண்டாலும், பழைய சுருள் அவருக்கு இரண்டரை சென்டிமீட்டர் தலைவணங்கியிருக்கும். புதியது ஒரு சென்டிமீட்டர்தான் வணங்கும், அதிலும் பாதியைப் புது ரப்பர்களின் விறைப்பு விழுங்கிவிடும். இந்தக் கணக்கைக் கல்யாண வாசலில் நின்று ஒருவருக்கு எடுத்துரைப்பது சாத்தியமா? பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத அந்த மட்கார்டுத் தகட்டில் அவருடைய ஐந்து விரல்களும் சந்தனத்தில் பதிந்திருந்ததை நான் ஊருக்குத் திரும்பித்தான் துடைத்தேன். துடைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, நானும் ஒரு தரம் அமுக்கிப் பார்த்தேன்.

இனித் தேர்ந்தெடுத்த விருத்தாந்தத்துக்கு வருகிறேன். சிறிய கார்களின் முன்பக்கத்தில், மாக்பெர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியரின் பெயரால் வழங்கும் ஒற்றைத் தூண் அமைப்புதான் பெரும்பாலும் உண்டு. ஷாக்கும் சுருளும் ஒரே தூணில் அமைய, அந்தத் தூணே சக்கரத்தையும் தாங்குகிற அந்தச் சிக்கன ஏற்பாடு, 1950இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல் முதலிய வண்டிகளின் மூலம் பிரசித்தி பெற்று, இன்று உலகத்திலுள்ள ஏழைக் கார்களுக்கெல்லாம் கால்களாகிவிட்டது. அந்தத் தூணுக்குப் பதிலாக மரை வெட்டிய தூணைப் போட்டால், சுருளின் பீடத்தை மேலும் கீழும் திருகி உயரத்தை மாற்றலாம். உச்சியிலுள்ள சிறு குமிழைத் திருப்பி இறுக்கத்தையும் மாற்றலாம். இதற்குக் காயில்ஓவர் என்று பெயர். 1857இல் குதிரை வண்டிச் சாமான்கள் செய்யத் தொடங்கிய ஹாலந்து தேசத்துக் கோனி முதல், 1976இல் தோன்றிய ஸ்வீடன் தேசத்து ஓலின்ஸ் வரை, ஜப்பான்காரரும் தைவான்காரரும் உள்ளிட்டுப் பலர் இவ்விதச் சாதனங்களைச் செய்கிறார்கள். அவர்களுடைய விலைப் பட்டியல்களை நான் இரவு நேரங்களில் பாராயணம் செய்த சிரத்தையில் பாதியைப் பள்ளிப் பருவத்தில் காட்டியிருந்தால், இந்தச் சாதனத்தைத் தவணை முறையில் வாங்க வேண்டியிருந்திராது.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "டிராக்குக்குங்களா, ரோட்டுக்குங்களா?" என்பது. வேறு ஊராயிருந்தால் இது சிரித்துக் கடக்கவேண்டிய கேள்வி. எங்கள் ஊரில், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை ஆசனப் பந்தய வண்டி செய்த கரிவரதனின் ஞாபகமாகச் செட்டிபாளையத்தில் ஒரு பந்தயச் சாலை 2003 முதல் நடந்துவருகிறபடியால், ரோட்டுக்கு மட்டும் என்று பதில் சொல்ல நாக்கு எழுவதில்லை. உழவர் சந்தைக்குப் போய்க் கீரை வாங்கி வருவதே தன் காரின் உச்ச சாதனையாக உள்ள மனிதனும், குரலைச் சற்றுத் தாழ்த்தி, "ரெண்டுக்கும் ஆகணுங்க" என்கிறான். நானும் அப்படியே சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தால் விலை எவ்வளவு ஏறியது என்பது எனக்கும் கடைக்காரருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

பொருத்தும் வேலையை ஒரு பட்டறையில் பகல் முழுவதும் நின்று பார்த்தேன். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஹோஸை ஒதுக்கி, லிங்க் ராடை விடுவித்து, தூணைச் சக்கரத்தோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளைச் சுத்தியலாலும் வசைமொழியாலும் இளக்கி, மேலே பானெட்டுக்குள் உள்ள நட்டுகளையும் எடுத்தால் பழைய தூண் கைக்கு வந்துவிடும். புதியதை ஏற்றுவதும் அவ்வளவுதான். உயரம் வைப்பதுதான் விவகாரம். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்று பொய் சொல்லும் என்பதால், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை டேப் பிடிக்கவேண்டும். அளக்கும்போது ஓட்டுகிறவனின் பாரம் ஆசனத்தில் இருக்கவேண்டும். மெக்கானிக் என்னை உள்ளே உட்காரச் சொல்லி, "சார், மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க, சும்மா உக்காருங்க" என்றார். தொப்பைக்கும் சஸ்பென்ஷனுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்திருந்தவன் நான்.

வண்டியைத் தாழ்த்தினால் சக்கரங்கள் திரும்பிநிற்கும் கோணம் மாறிவிடுகிறது. உடனே வீல் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயரின் உள்விளிம்பு சாப்பிடப்பட்டுவிடும். அதற்காகப் போன இடத்தில், கம்ப்யூட்டர் திரையில் ஒரு எண் சிவப்பாகத் துடிப்பதைக் காட்டி என்னவென்று கேட்டேன். "அது கேம்பருங்க. இந்த வண்டிக்குக் கேம்பர் செட்டிங் கெடையாதுங்க" என்றார் அங்கிருந்தவர். சக்கரம் சாய்ந்து நிற்கும் அந்தக் கோணத்தை மாற்றும் வசதி கம்பெனித் தூணில் கிடையாதுதான். நான் போட்ட தூணின் உச்சியிலேயே அதற்கென்று இழுத்து நிறுத்தும் தகடு ஒன்று பளபளவென்று இருக்கிறது. காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஓரமாகப் போய் மட்கார்டை அமுக்கினார்.

வேகத்தடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 1988இல் வகுத்த விதிப்படி, வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, 17 மீட்டர் ஆரத்தில் வளைந்து, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சௌக்கியமாகக் கடக்கத் தக்கதாக இருக்கவேண்டும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே இரண்டரை மீட்டர்கூட இல்லாத என் கார், அப்படிப்பட்ட மேட்டின்மேல் நான்கு சக்கரங்களையும் ஏற்றி நின்று காற்று வாங்கலாம். எங்கள் தெருவில் இருப்பது ஓர் இரவில் யாரோ சிமெண்டைக் குவித்துவிட்டுப் போன, ஒரு முழ அகலமுள்ள சுவர். தரைக்கும் என் காரின் அடிவயிற்றுக்கும் முன்பு பதினாறு சென்டிமீட்டருக்குமேல் இருந்த இடைவெளி இப்போது பதின்மூன்று. அந்தச் சுவரண்டை வந்ததும் என் மனைவி ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்துகொண்டு இறங்குகிறாள். "நீங்க முன்னால போங்க மாமா, நான் நடந்தே வந்தர்றேன்" என்று அவள் சொல்கிற தொனியில் கோபம் இல்லை. அதுதான் கவலையாக இருக்கிறது.

எஞ்சியிருப்பது இறுக்கம். குமிழில் 32 நிலைகள்; ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கிளிக். பதினான்குக்கும் பதினைந்துக்கும் உள்ள பேதத்தைத் தம் முதுகெலும்பு அறியும் என்று சத்தியம் செய்கிற சிநேகிதர்கள் எனக்கு உண்டு. அவர்களில் ஒருவரை உட்காரவைத்து, திருகைத் தொடாமலே தொட்டதாகச் சொல்லி ஒரு சுற்று ஓட்டிக்காட்டியதில், இப்போதுதான் வண்டி தரையைப் பிடிக்கிறது என்று பிரமித்தார். முன்பக்கத்துக் குமிழ்கள் பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும். பின்பக்கத்தவை டிக்கியின் பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், ஒவ்வொரு கிளிக்குக்கும் ஸ்டெப்னி ஜாக்கியையும் குடையையும் திரும்பக் கொடுக்கவேண்டிய சம்பந்தி வீட்டுப் பாத்திரங்களையும் வெளியே எடுத்து வைக்கவேண்டும். எடுத்தும் வைத்தும், ஒரு நாள் விடியற்காலையில், பால் வண்டிகளைத் தவிர வேறொன்றும் நடமாடாத வேளையில், வீட்டிலிருந்து அலுவலகம் வரையுள்ள சாலைக்கு முன்னால் இத்தனை, பின்னால் இத்தனை என்று சந்தேகத்துக்கு இடமில்லாத ஓர் எண் கிடைத்தது. மேலே வாக்களித்தது அந்த எண்ணைத்தான்.

ஆனால் இந்தச் செவ்வாய்க்கிழமை அந்தச் சாலையைப் பாதாளச் சாக்கடைக்காக நடுவில் பிளந்துவிட்டார்கள். ஒரு பாதி மண்மேடு. மறு பாதியில் குழாய்கள் படுத்திருக்கின்றன. மூடித் தார் ஊற்றியபின் குடிநீர்க் குழாய்க்காக மறுபடி தோண்டுவார்கள் என்று கேள்வி. இல்லாத சாலைக்குரிய எண்ணை அச்சில் ஏற்றுவதில் பிரயோஜனம் இல்லை; வேறு எண் தேடும் உத்தேசமும் எனக்கு இல்லை. தற்சமயம் மனைவியின் ஸ்கூட்டரில் அலுவலகம் போய்வருகிறேன். அதன் பின் ஷாக்கைக்கூட மூன்று நிலைகளில் மாற்றலாமாம். ஆனால் அதற்குரிய ஸ்பேனரை அவள் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள், கேட்டால் தெரியாது என்கிறாள்.