பெட்டிக்குள் வந்த வள்ளல்

விமான மாதிரி கிட் வாங்கினால் பிளாஸ்டிக் பாகங்களும் செய்முறைத் தாளும்தான் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உங்கள் நிறுவனத்தின் கொடையை அறியாதவர்கள். 1/72 அளவில் நீங்கள் அனுப்பிவைத்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தோடு தொழிற்சாலை வேலையில் பாதியும் சேர்ந்தே எங்கள் மேசைக்கு வந்துவிட்டது.

மற்ற கம்பெனிக்காரர்கள் கருமிகள். அச்சை நுணுக்கமாக வெட்டி, உடலின் இரு பாதிகளும் தொட்டவுடன் சேர்ந்துகொள்ளும்படி செய்துவிடுகிறார்கள். ஒரே மாலையில் விமானம் முடிந்துபோகிறது. வாங்கியவன் என்ன கற்றான்? நீங்கள் அப்படி எங்களைக் கைவிடவில்லை. ஒரு பாதியில் பொருத்து முளைகளை வைத்தீர்கள். மறு பாதியில் அவற்றுக்கான துளைகளைச் சற்றே தள்ளி வைத்தீர்கள். முளையை நம்பி ஒட்டினால் விமானத்தின் முதுகில் ஒரு படிக்கட்டு முளைக்கும். முளைகளைச் சீவி எறிந்துவிட்டு, கண்ணையும் மாஸ்கிங் டேப்பையும் மட்டுமே நம்பு என்ற உபதேசத்தை வேறெந்தக் குரு முதல் நாளிலேயே தருவார்?

இறக்கை உடலோடு சேரும் இடத்துக்கு வருவோம். அசல் விமானத்தை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செலின் குழு அந்த மூலையை வளைதகட்டால் மூடி, காற்று தடுமாறாமல் வழுக்கிப்போக வழி செய்திருந்தது. நீங்களோ இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி அருளியிருக்கிறீர்கள். அசல் அளவில் அது ஏழு சென்டிமீட்டருக்கு மேல். கையை விட்டுக் காற்று வாங்கலாம். 1936 மார்ச் 5 அன்று முதன்முதலாக அந்த விமானத்தைப் பறக்கவிட்டவர்களுக்கு இப்படியொரு வசதி தோன்றாமல் போயிற்றே!

அந்த இடைவெளியில் பட்டியை அப்பினால் போதாது. காயும்போது அது சுருங்கும். மறுநாள் அதே இடத்தில் பள்ளம் விழும். இறக்கை நுனிகளை டேப்பால் மேல்நோக்கி இழுத்துக் கட்டினால் இடைவெளி மூடும்தான். ஆனால் ஸ்பிட்ஃபயரின் இறக்கை கிடைமட்டத்திலிருந்து 6 டிகிரிதான் எழ வேண்டும். கடைசியில் ஸ்ப்ரூவில் ஒரு துண்டை வெட்டி, உடலுக்குள் குறுக்காக வைத்து அகட்டினேன். மிச்சத்துக்கு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சீவிச் செருகியதும் சரியாயிற்று. பாகங்களைத் தாங்கி வரும் வெறும் சட்டம்தான் ஸ்ப்ரூ. உங்கள் பெட்டியிலேயே நேர்த்தியாக வார்க்கப்பட்டிருந்தது அதுதான் என்பதை நன்றியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆணித் தலைகளைப் பாராட்டாமல் போனால் பாவம். தகட்டோடு மட்டமாகப் பதியும் ஆணிகளை எல்லா இடத்திலும் அடிப்பது செலவு பிடிக்கும் வேலை என்பதால், புடைத்த ஆணிகள் இருந்தால் என்ன ஆகும் என்று ஸ்பிட்ஃபயரை உருவாக்கிய சூப்பர்மரீன் நிறுவனத்தார் சோதித்தார்கள். உடைத்த பட்டாணியை ஆணித் தலைகளின்மேல் ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் குறைந்தது. பட்டாணிக்கே அந்தக் கதி! உங்கள் இறக்கையில் இருக்கும் அரை மில்லிமீட்டர் தலைகளை 72-ஆல் பெருக்கினால் 3.6 சென்டிமீட்டர், எலுமிச்சம்பழத்தை நறுக்கி வரிசையாகக் கவிழ்த்த மாதிரி. இதையெல்லாம் சுமந்துகொண்டும் அது எதிரியைத் துரத்தும் என்று நம்பியிருக்கிறீர்களே, அதன் மெர்லின் எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய நற்சான்றை அதைச் செய்த ரோல்ஸ் ராய்ஸே எழுதியிருக்காது.

அச்சின் இடுக்கில் கசிந்து விளிம்பெங்கும் படர்ந்திருந்த பிளாஸ்டிக் சவ்வை இலவச இணைப்பாக எடுத்துக்கொண்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் தகட்டுக் கோடுகள் மறைந்தன. ஊசியால் புதிதாகக் கீறினேன். போனதில் வருத்தமில்லை, அவை எப்படியும் வேறேதோ விமானத்துக்கு உரியவை.

விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியில்தான் உங்கள் கருணை முழுதாகத் தெரிகிறது. சூப்பர் குளூவின் ஆவி பட்டால் தெளிவான பிளாஸ்டிக் வெளுத்துவிடும்; அதனால் அந்தப் பாகத்துக்கு வெள்ளைப் பசைதான் தடவுவார்கள். உங்கள் மூடிக்கு அந்தப் பயமே வேண்டாம். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அது மங்கல்.

'8 வயதுக்கு மேற்பட்டோருக்கு' என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறீர்கள். எவ்வளவு மேல் என்று சொல்லாமல் விட்ட அடக்கம் உங்களுக்கே உரியது.