ஒரே வயிறு, இரண்டு பாஸ்போர்ட்

கேள்வி: காரைக்காலில் என் மாமனார் இந்தியக் குடிமகன், அவருடைய சொந்த அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன். இது எப்படி?
- ஒரு வாசகி, பேரளம்

பதில்: ஆறு மாதக் கெடு செய்த வேலை, அம்மா!

மூன்று பக்கமும் அன்றைய தஞ்சாவூர் ஜில்லா வயல், ஒரு பக்கம் கடல். அரசலாறு பாயும் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நடைமுறையில் நம் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. அதை ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 1956-ல். சட்டப்படி அமலானதோ 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அங்கே பிறந்து, அன்று அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா போட்ட கையெழுத்து, பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளையும் கட்டுப்படுத்தியது. பிரான்சிலோ வியட்நாமின் சைகோனிலோ குடியிருந்தவர்களுக்கு நேர்மாறு: எதுவும் எழுதாவிட்டால் அவர்கள் பிரெஞ்சுக்காரர்களே. உங்கள் மாமனாரின் அண்ணன் அன்று எழுதிக் கொடுத்திருப்பார், அல்லது அதற்கு முன்பே கப்பலேறியிருப்பார்.

எழுதப் படிக்கத் தெரியாத நடவாள் குடும்பத்துக்கு ஆறு மாதம் எந்த மூலைக்கு? சந்ததிக்கே தலையெழுத்தை மாற்றும் முடிவுக்கு அந்தக் கெடு அநியாயம் என்றே சொல்வேன்.

அப்படிப் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துவிட்ட குடும்பங்களுக்காக, பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு இன்றும் காரைக்காலில் வாக்குச்சாவடி போடுகிறார்கள். மாமனார் வீட்டுப் பரணில் பழைய பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் கேட்டு வருவார்கள்.