மாலை, முட்டை, மகாதேசாதிபதி

ஊரில் இல்லாத ராஜாவுக்குப் பதிலாக வந்து உட்காருபவரை எப்படி வரவேற்பது என்பது பற்றித் தமிழில் முறையான ஆய்வு நடக்காதது பெருங்குறை. பெயரிலேயே நமக்குள் ஒற்றுமை இல்லை. இந்தியாவில் அவர் கவர்னர் ஜெனரல். அந்த நாற்காலியில் அமர்ந்த ஒரே இந்தியர் ராஜாஜி, 1948 முதல் 1950 வரை. இலங்கையில் மகாதேசாதிபதி, 1972இல் நாடு குடியரசானதும் அவர் ஒழிந்தார். ஒழிந்தார் என்று நம்பி, பின்னாளில் மொன்றியலில் வந்திறங்கிய ஈழத்தமிழர்கள், அதே ஆள் ‘ஆளுநர் நாயகம்’ என்ற பெயரில் இங்கே நலமாக இருப்பதைக் கண்டார்கள். ஆட்டுக்குத் தாடி எதற்கு என்று அண்ணா கேட்டது மாநில ஆளுநரைக் குறித்துத்தான். ஆனாலும் தாடியின் இலக்கணம் எங்கும் ஒன்றே.

முதலில் வரவேற்புக் கருவிகளை வகைப்படுத்த வேண்டும். கனடாவில் ஆளுநர் நாயகத்துக்கு 21 பீரங்கி வேட்டு, மாகாணத் துணைநிலை ஆளுநருக்கு 15. இசையும் உண்டு: மன்னரை வாழ்த்தும் பண்ணில் முதல் ஆறு அளவுகள், அதைத் தொடர்ந்து ‘ஓ கனடா’வில் முதல் நான்கும் கடைசி நான்கும். தலையையும் வாலையும் வாசித்து நடுவை விழுங்கிவிடும் இந்த உத்தியை, கீர்த்தனையின் பாதியில் கெட்டிமேளத்துக்குத் தாவிப் பழகிய நம் நாயனக்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

இந்தப் பட்டியலில் மொன்றியல் சேர்த்த கருவி, முட்டை.

1844 முதல் 1849 வரை கனடா மாகாணத்தின் தலைநகர் மொன்றியல்தான். 1847 ஜனவரி 30 அன்று இங்கே ஆளுநர் நாயகமாகப் பதவியேற்றவர் எல்ஜின் பிரபு. மந்திரிசபை சொன்னால் கையெழுத்து. தன் விருப்பு வெறுப்பு பெட்டிக்குள். இன்றைய அலங்காரப் பதவியின் முன்மாதிரி அவர். 1849 ஜனவரியில் அரசவை உரையை ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் வாசித்தார். ஒரு தரப்பு மனம் குளிர்ந்தது, மறு தரப்புக்கு எரிந்தது. 1837-38 கிளர்ச்சியில் கீழ்க் கனடாவில் சொத்து இழந்தவர்களுக்கு நட்டஈடு தரும் மசோதா அந்த எரிச்சலில் எண்ணெய் வார்த்தது. கிளர்ச்சி செய்தவனுக்கே காசா என்று ஆங்கிலேய டோரிகள் கொதித்தார்கள்.

ஏப்ரல் 25 அன்று எல்ஜின் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். வண்டிமேல் முட்டைமழை. அன்றிரவே செயின்ட் ஆன் சந்தைக் கட்டடத்தில் இருந்த நாடாளுமன்றம் எரிந்தது. கும்பலை நடத்திப்போன ஆல்பிரெட் பெரி, ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவர் என்பதை ஆய்வாளர்கள் அடிக்கோடிட வேண்டும். நூலகத்தில் இருந்த சுமார் 23,000 புத்தகங்களில் இருநூறோ என்னவோ தப்பின. விக்டோரியா ராணியின் படம் மட்டும் பத்திரமாக வெளியே வந்தது. அதைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் சான்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங்; பின்னாளில் உலகுக்கே பொது நேரம் வேண்டும் என்று வாதாடியவர். ராணியின் ஆளுக்கு முட்டை, ராணியின் படத்துக்குப் பல்லக்கு!

ஐந்து நாள் கழித்து எல்ஜின் மறுபடி ஊருக்குள் வந்தபோது முட்டை கல்லாகியிருந்தது. வண்டிக்குள் விழுந்த இரண்டு பவுண்ட் கல் ஒன்றை அவர் கையோடு எடுத்துப்போனார். இவருடைய அப்பாதான் ஏதென்ஸ் பார்த்தினானிலிருந்து சிற்பங்களைப் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோன எல்ஜின். கல் சேர்ப்பது பரம்பரைத் தொழில் போலும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று நம்மவர்கள் சொல்வதை யாரும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. பிறகு அவர் மங்க்லண்ட்ஸ் மாளிகையிலேயே அடங்கியிருந்தார். இன்று வில்லா மரியா மெட்ரோவில் இறங்குகிறவர்கள் பார்க்கும் பள்ளிக்கூடம் அதுதான். 1862இல் இந்தியாவுக்கு வைஸ்ராயாகப் போய், மறுவருடம் தர்மசாலாவில் காலமானார்.

மொன்றியல் தலைநகர் பதவியை இழந்தது, திரும்பப் பெறவே இல்லை. முட்டை விலைவாசி வரலாற்றில் இதற்கு மேல் ஒரு விலை பதிவாகியிருக்க முடியாது.

நகரம் நாற்பது ஆண்டில் திருந்தியது. பதவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஸ்டான்லி பிரபு, 1889 பிப்ரவரியில் குளிர்காலத் திருவிழாவுக்கு வந்து, விக்டோரியா பனிச்சறுக்கு அரங்கில் நுழைந்தார். உள்ளே ஹாக்கி நடந்துகொண்டிருந்தது. ஆட்டத்தை நிறுத்தி, ராணி வாழ்த்தை வாசித்து, மறுபடி ஆடினார்கள். மனிதர் சொக்கிப்போனார். 1892இல் பத்து கினி விலையில் அவர் அறிவித்த கோப்பையை, அடுத்த ஆண்டு முதலில் வென்றதும் மொன்றியல் அணியே. ஆட்டத்தை நிறுத்திய சில நிமிடங்களுக்கு ஸ்டான்லி கோப்பை கிடைத்தது என்றால், முட்டைக்காரர்கள் யோசித்திருக்கலாம்.

இப்போது மொன்றியல் பெண் வீட்டார் நிலைக்கு வந்துவிட்டது. வரவேற்பதைவிட வழியனுப்புவதே அதிகம். இங்கே பிறந்த ஜார்ஜ் வானியே 1959இல் ஆளுநர் நாயகமாகப் போனார். ஹெயிட்டியிலிருந்து சிறுமியாக வந்த மிஷேல் ஜான் 2005இல், விண்வெளி வீராங்கனை ஜூலி பயெட் 2017இல். பதவியேற்பு ஒட்டாவாவில்.

2021 ஜூலை 26 அன்று பதவியேற்ற மேரி சைமன், அப்பதவிக்கு வந்த முதல் பழங்குடியினர். கியூபெக்கின் வடகோடி நுனாவிக்கில் பிறந்த இனுயிட் பெண்மணி. இனுக்டிடுட் தெரியும், ஆங்கிலம் தெரியும், பிரெஞ்சு அப்போது தெரியாது. அவர் ஒரு கையெழுத்துகூடப் போடுவதற்கு முன்பே அலுவல்மொழி ஆணையருக்கு நூற்றுக்கணக்கான புகார்கள் குவிந்தன. எல்ஜின் பிரெஞ்சு பேசினார், எறிந்தார்கள். சைமன் பேசவில்லை, எழுதினார்கள். சிறுவயதில் படித்த அரசுப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கவில்லை என்று விளக்கிய சைமன், பதவியில் இருந்தபடியே பாடம் கற்கத் தொடங்கினார். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் ஆங்கிலம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசும் மொன்றியலின் கோட்-டே-நேஜ் பிள்ளைகளில் ஒன்றை டியூஷனுக்குக் கூப்பிட்டிருந்தால் செலவாவது மிஞ்சியிருக்கும்.