ஊரைப் பார்க்காமல் உளவியல் முதுகலை: எட்டுப் படிகள்

சமூக உளவியலும் (கம்யூனிட்டி சைக்காலஜி) ஆலோசனையும் படிக்கப் புதுச்சேரி கோரிமேட்டில் அறை எடுத்திருக்கிறீர்கள். நல்ல முடிவு. பாதியை நீங்களே சரியாகச் செய்துகொண்டிருப்பீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

1. காலையில் நன்றாகத் தூங்குங்கள். விடிந்தும் விடியாமலும் கடலூர், விழுப்புரம், திண்டிவனம் பஸ்களிலிருந்து ஜிப்மர் மருத்துவமனை வாசலில் ஜனம் இறங்கும். ஓ.பி. சீட்டுக்கு வரிசை நீளும். கூட வந்தவர்கள் துண்டை விரித்து மரத்தடியில் படுத்திருப்பார்கள். உங்கள் பாடத்தில் 'சமூகம்' என்று வருவது இவர்கள்தான். எழுந்தால் பார்க்க வேண்டிவரும்.

2. அதற்குப் பதிலாக நோட்ஸ் படியுங்கள். 1965இல் அமெரிக்காவின் ஸ்வாம்ஸ்காட்டில் நடந்த மாநாட்டில்தான் சமூக உளவியல் என்று தனித்துறை உருவானது. ஒருவர் மனத்தை மட்டும் நோண்டாதே, அவர் வாழும் இடத்தையும் பார் என்பது அதன் சாரம். ஐந்து மதிப்பெண், மனப்பாடம் செய்துவிடுங்கள். ஸ்வாம்ஸ்காட் எங்கே என்று தெரிந்தால் போதும். இங்குள்ள மீனவக் குப்பம் குருசுக்குப்பத்துக்கு வழி எது என்று பரீட்சையில் கேட்கமாட்டார்கள்.

3. களப்பணி கட்டாயம் என்றால் போய்த்தான் ஆகவேண்டும். முதலில் குரூப் போட்டோ, பேனர் முழுசாக விழ வேண்டும். பிறகு மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 தாளை எடுங்கள். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஒன்பது கேள்விகள். எதிரே உட்கார்ந்த மீனவப் பெண், "நெஞ்சு படபடன்னு அடிக்குது தம்பி, உடம்பெல்லாம் எரியுது" என்பார். தாளில் அதற்குக் கட்டம் இல்லை. எனவே அவருக்கு அது இல்லை. அடுத்த கேள்வி.

4. இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் பழகுங்கள். அந்தம்மா நிறுத்தமாட்டார். வீட்டுக்காரர் குடிக்கிறார் என்பார். தமிழ்நாட்டில் இல்லாத சாராயக்கடை புதுச்சேரியில் உரிமத்தோடு நடக்கிறது, அதுவும் தெருக்கோடியில் என்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, குழுக்கடன் தவணை மட்டும் நிற்காது என்பார். கடை, கடன், கடல் மூன்றும் வெளியே இருக்கின்றன. நீங்கள் மூன்றையும் தூக்கி அவர் தலைக்குள் வையுங்கள். "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்கம்மா" என்று தொடங்குங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, நாலு எண்ணி விடச் சொல்லிக்கொடுங்கள். "பாசிட்டிவா இருங்க" என்று முடியுங்கள். கடையை எதிர்த்து மனுக்கொடுக்கப் பெண்கள் கூடினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது அரசியல், உங்கள் சிலபஸில் இல்லை. (இருக்கிறது. நோட்ஸில்தான் விட்டுவிட்டார்கள்.)

5. மாலை டீக்கடையில் நண்பர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லாதீர்கள், தெருவையும் வீட்டுக்காரரின் படகையும் மட்டும் சொல்லுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 ரகசியம் காக்கச் சொல்கிறது. நீங்கள்தான் பெயரே சொல்லவில்லையே.

6. கேஸ் ரெக்கார்டை வைவாவுக்கு முந்தின இரவு எழுதுங்கள். சீனியருடையது கிடைத்தால் வயதை மட்டும் மாற்றினால் போதும். கோவாவில் உளவியல் பட்டமில்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுக்கு ஆலோசனை தர வைத்தார்கள். பலன் இருந்தது என்று 2017இல் லான்செட் இதழில் வந்தது. அவர்கள் தங்கள் உரையாடல் பதிவுகளைக் கூட்டாக உட்கார்ந்து கேட்டு, ஒருவர் குறையை ஒருவர் சொன்னார்கள். உங்கள் குரலை நீங்கள் கேட்டால் தன்னம்பிக்கை போய்விடும். வேண்டாம்.

7. பட்டம் வாங்கிய மறுநாள் போர்டில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போடுங்கள். 1992ஆம் ஆண்டு மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி அதற்குப் பதிவு வேண்டும். மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரத்தை முதல் இரண்டு பேரிடம் எடுத்துவிடலாம். சிறையைப் பற்றி இப்போது எதற்கு?

8. அந்த பி.எச்.க்யூ-9 தாளின் ஒன்பதாவது கேள்வி மறந்துவிட்டதே. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா என்று கேட்கும் கேள்வி அது. தாண்டிவிட்டு, சைபர் போடுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று சீனியர் சொன்னதை நம்புங்கள். அப்படி ஆவதில்லை என்று காட்டிய ஆய்வுகளைத் திறக்காதீர்கள். 2022இல் புதுச்சேரியில் லட்சம் பேருக்கு 29.7 தற்கொலைகள், நாட்டின் சராசரி 12.4. இது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு, உங்கள் தாளில் வராது. 14416 என்ற எண்ணையும் அந்தம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள். அது டெலி மானஸ். ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் காசு வாங்காமல் தமிழில் பேசுவார்கள்.