பெற்ற வயிற்று இலக்கணம்

தொகுத்தும் வகுத்தும் விரித்தும் சொல்வது நூலோர் வழக்கம். பிள்ளை பெற்ற பிறகு பழைய அளவுக்குத் திரும்ப மறுக்கும் வயிற்றை இந்நூலும் அவ்வாறே ஆராயும். தொகுத்தால் வயிறு ஒன்றே. வகுத்தால் நான்கு: காத்திருக்கும் வயிறு, கொழுத்த வயிறு, தொய்ந்த வயிறு, விலகிய வயிறு. விரித்தால், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்து "எத்தனை மாசம்மா?" என்று கேட்கும் அம்மாள்கள் வரை போகும். அது வேண்டாம்.

காத்திருக்கும் வயிறாவது, குற்றம் ஏதுமின்றிக் குற்றம் சாட்டப்படுவது. பிரசவம் முடிந்த அன்று கருப்பை சுமார் ஒரு கிலோ எடையோடு தொப்புள் மட்டத்தில் நிற்கிறது. 6 வாரத்தில் சுருங்கி, 100 கிராமுக்கும் குறைவாகி, இடுப்புக்கூட்டுக்குள் ஒடுங்கிவிடும். தோலும் தசையும் அத்தனை சுறுசுறுப்பு இல்லாதவை. அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். ஆகவே பத்தாம் நாள் கண்ணாடி முன் நின்று கண் கலங்குவது இலக்கண வழு. பாட்டிமார் பழைய பருத்திப் புடவையை மடித்து வயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். முதுகுக்குத் தெம்பாகத்தான் இருக்கும். விலகிய தசையை ஒட்டவைக்கும் சக்தி புடவைக்குக் கிடையாது. இதைப் பாட்டியிடம் எடுத்துச் சொல்வது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பிரசவம் ஆகிக் குறைந்தது 6 மாதம், தாய்ப்பால் நிறுத்தி, எடை ஒரு நிலைக்கு வந்த பிறகே அறுவைப் பேச்சு என்று பிளாஸ்டிக் சர்ஜன்கள் சொல்வது இந்த வகையை முன்னிட்டே.

கொழுத்த வயிறு அகம், புறம் என இரண்டு. தோலோடு சேர்த்துக் கையால் பிடிக்க முடிந்தால் புறக்கொழுப்பு. பிடிக்கக் கிடைக்காமல், தசைச் சுவருக்கு உள்ளே குடலைச் சுற்றிக் குடியிருந்து வயிற்றை முன்தள்ளுவது அகக்கொழுப்பு. குழாயால் கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்ஷன் புறத்துக்கு மட்டுமே உரியது. அகத்துக்குள் அந்தக் குழாய் போகாது, போகவும் கூடாது; அகக்கொழுப்பு நடைக்கும் சோற்றின் அளவுக்குமே பணியும். (கணவன்மார் வயிறு பெரும்பாலும் இந்த அகவகை. பேறு காணாமலே பெற்றது ஆதலால் இங்கே இடமில்லை.) புறக்கொழுப்பிலும் ஒரு நிபந்தனை உண்டு: மேலே இருக்கும் தோலுக்கு இழுத்துச் சுருங்கும் வலு மிச்சமிருக்க வேண்டும். குழாய் கொழுப்பைத்தான் உறிஞ்சும், தோலை உறிஞ்சாது. வலுவிழந்த தோலுக்கடியில் கொழுப்பை எடுத்தால் தொய்வு கூடத்தான் செய்யும். சிறிய தழும்பு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று விளம்பரங்கள் முதலில் காட்டுவது லைப்போசக்ஷனைத்தான். பெற்ற வயிறுகளில் இது மட்டுமே போதுமானவை குறைவு.

தொய்ந்த வயிறாவது, உட்கார்ந்தால் மடியில் வந்து தங்குவது. இதற்குரியது தொய்ந்த தோலை வெட்டித் தைக்கும் டம்மி டக் அறுவை. இங்கே எல்லைக்கல் தொப்புள். தொய்வு அதற்குக் கீழே மட்டும் என்றால் மினி டம்மி டக். மேலும் கீழும் என்றால் முழு டம்மி டக். மினியில் தழும்பு சின்னது, தொப்புளைத் தொடுவதில்லை. அதனாலேயே பலரும் மினி கேட்டுப் போய், முழுதுக்குரியவர்கள் என்று தெரிந்து திரும்புகிறார்கள். முழு அறுவையில் ஒரு பக்க இடுப்பெலும்பிலிருந்து மறுபக்கம் வரை அடிவயிற்றில் கீறி, தோலைக் கொழுப்போடு விலா வரை பெயர்த்து, கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டிவிட்டுத் தைக்கிறார்கள். தொப்புள் தன் காம்போடு இருந்த இடத்திலேயே இருக்கும். இறங்கி வந்த தோலில் புதுத் துளை போட்டு அதை வெளியே எடுத்துத் தைப்பார்கள். ஊர் நகர்ந்தாலும் கோயில் நகரவில்லை என்பது போல. தொப்புளுக்குக் கீழிருந்த பிரசவ வரிகள் பெரும்பாலும் வெட்டிய தோலோடு போய்விடும்; மேலே இருந்தவை இறங்கி வந்து குடியேறும். இந்த அறுவை மரபின் முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மகளிர் நோய் மருத்துவராக இருந்த ஹோவர்ட் கெல்லி. 1899லேயே தொங்கும் வயிற்றை வெட்டி எடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

"எப்படியும் சிசேரியன்தானே, அப்போதே இதையும் முடித்துவிட்டால் என்ன?" என்பாரும் உளர். அற்றன்று. அன்று கருப்பை பெருத்திருக்கும், தோல் நீர் கோத்திருக்கும், எவ்வளவு வெட்டுவது என்பதற்கு அளவே கிடைக்காது. காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் பிரசவத்தையொட்டித்தான் அதிகம்.

நான்காவதான விலகிய வயிறே இந்நூலின் உயிர். ஒல்லியாக இருப்பாள், கிள்ளினால் சதை வராது, காலையில் தட்டையாக இருந்த வயிறு சாயங்காலம் ஐந்து மாதம் போலத் தெரியும். நடுவயிற்றில் இணையாக ஓடும் இரண்டு தசைப் பட்டைகளும் அவற்றை இணைக்கும் வெள்ளைக் கோடு அகன்றதால் விலகி நிற்கின்றன. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைக் குறுக்காக வைத்துத் தலையை மட்டும் தூக்க வேண்டும். இரண்டு விரலோ அதற்கு மேலோ பள்ளத்தில் இறங்கினால் இந்த வகை என்று ஐயுறலாம். இதற்கு லைப்போசக்ஷன் செய்வது விளக்கெண்ணெய்க்குக் கேடு. முதலில் பிசியோதெரபிஸ்ட், யூடியூப் பார்த்து வேகவேகமாக எழுந்து உட்காரும் பயிற்சி அல்ல. மாதக்கணக்கில் முயன்றும் மூடவில்லை என்றால், முழு டம்மி டக்கின்போதே தசைகளை நெஞ்செலும்பின் அடி முதல் அடிவயிறு வரை நடுவே மடித்துத் தைப்பார்கள்.

இனி மயக்கம். மூன்றும் நான்கும் சேர்ந்தே வருவது பெருவழக்கு. அதற்கு முழு அறுவை, வேண்டுமானால் பக்கவாட்டில் கொஞ்சம் லைப்போசக்ஷன். செய்துகொண்டவள் சில நாள் குனிந்தே நடப்பாள். நீர் வடியக் குழாய் தொங்கக்கூடும், வாரக்கணக்கில் இறுக்கக் கச்சை உண்டு, சுமார் 6 வாரம் கனம் தூக்கக் கூடாது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த விதி தெரியாது. ஆகவே தூக்க ஆள் உண்டா என்பதே தகுதிகளுள் தலையாயது. தொப்புளுக்குக் கீழே மரத்துப்போகும். தையலுக்கடியில் நீர் கட்டலாம், காலில் ரத்தம் உறையலாம். அடுத்த பிள்ளை எண்ணம் இருந்தால் அறுவை அதற்குப் பிறகுதான். இல்லையேல் தைத்ததெல்லாம் மீண்டும் விரியும். அறுவைக்கு முன் மார்க்கரால் கோடு போடும் நாளில் வழக்கமான உள்ளாடையோடு போய் நிற்பது நலம். தழும்பை மறைக்க, பாவாடை நாடா எங்கே விழும் என்பதைச் சர்ஜன் ஊகிக்க வேண்டியிருக்காது.

புறனடையாக ஒன்று. தொப்புளில் ஓட்டை விழுந்து குடல் எட்டிப்பார்த்தால் அது ஹெர்னியா, வேறு நூலுக்குரியது. மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள் மேற்சொன்ன நான்கு வகையையும் ஏற்பதில்லை. அவர்களுக்கு வகை இரண்டுதான். ஹெர்னியா நோய், பாலிசியின் காத்திருப்புக் காலம் முடிந்திருந்தால் பணம் வரக்கூடும். மற்றதெல்லாம் அழகு.