வளைவதற்கு ஒரு வட்டு

கேள்வி: முதுகெலும்பில் தேய்ந்த வட்டுக்குப் பதிலாகச் செயற்கை வட்டு வைத்துக்கொண்டால், பழையபடி குனிந்து நிமிர முடியுமா?

பதில்: உத்தியோக நிமித்தம் குனிந்தே தேய்ந்தவர் போலும் தாங்கள்! வட்டுக்கு மேலும் கீழுமுள்ள இரண்டு எலும்புகளையும் பிணைத்து அசைவற்றதாக்குவதே வெகுகாலமாகப் பிரதான சிகிச்சை. வலியோடு வளைவும் போய்விடும். ஸ்வீடன் தேசத்து ஃபெர்ன்ஸ்ட்ரோம் என்ற வைத்தியர் இடையில் எஃகுக் குண்டுகளை வைத்துப் பார்த்தார். அவை எலும்புக்குள்ளேயே புதையலாயின. பிற்பாடு கிழக்கு பெர்லினில், சாரிட்டே ஆஸ்பத்திரியில், ஷெல்நாக் என்ற நிபுணரும், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்று, பின்னர் வைத்தியரான காரின் பியூட்னர்-யான்ஸ் அம்மையாரும் சேர்ந்து, இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே வழுக்கி நகரும் பிளாஸ்டிக் வில்லையொன்றை அமைத்தார்கள்; அது 1984-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. வளைவதன் அருமையை அந்த அம்மையாரைவிட அறிந்தவர் யார்?

இடுப்புப் பகுதியில் வைப்பதானால், முதுகுச் சமாசாரமாயினும் வயிற்றுப் பக்கமாகவே திறக்கிறார்கள். ஆகவே முதுகைக் காட்டிப் படுத்தால் போதுமென்று எண்ணிவிட வேண்டாம். தகுந்த நோயாளிக்குக் குனிவதும் நிமிர்வதும் பெருமளவு சாத்தியமே. எலும்பு நொய்ந்தவர்களுக்கும், முதுகின் பின்மூட்டுகள் தேய்ந்தவர்களுக்கும் இது ஏற்றதன்று. வைத்தியர் வேண்டாமென்றால் வற்புறுத்தாதீர்கள்.