சாயம் போகாதுங்க!

சின்னசேலம் கடைவீதியில் திருப்பூர் பனியன் கேட்டால், கடைக்காரர் கூடவே ஓர் உத்தரவாதமும் தருவார்: "சாயம் போகாதுங்க!" சத்தியமான வார்த்தை. போக வேண்டியதெல்லாம் ஏற்கெனவே நொய்யல் ஆற்றில் போய்விட்டது.

1992-இல் ஒரத்துப்பாளையத்தில், பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே அரசு ஓர் அணை கட்டியது. சாயப்பட்டறைகள் பெருந்தன்மையாக அதை நிரப்பிக் கொடுத்தன. பிறகு நடந்தது அதிசயம்: "தண்ணீரைத் திறக்காதீர்கள்" என்று விவசாயிகளே போராடினார்கள், நீதிமன்றமும் ஏறினார்கள்.

சாயத்தைவிடச் சாமர்த்தியசாலி உப்பு. பருத்தித் துணியில் நிறம் ஏற, உப்பைக் கொட்டியாக வேண்டும். கழிவுநீரில் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் கசடாகி அடியில் தங்கும். அதிகாரி பார்வைக்குத் தெளிந்த நீர் தயார். கரைந்த உப்பு மட்டும் கண்ணில் படாமல் வயலுக்குள் நுழைந்துவிடும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம். நொய்யல் கரைக்காரர்கள் மறக்கவே மாட்டார்கள்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற விதி அதன்பின்தான் பலருக்கு நினைவு வந்தது. இப்போது ஆர்.ஓ. சவ்வில் நீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பை மீட்டுச் சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். செலவு அதிகம் என்று புலம்பலும் கேட்கிறது. அந்தச் செலவை அத்தனை காலம் ஆறுதான் ஏற்றுக்கொண்டிருந்தது. கம்பெனிக் கணக்கில் அதற்கு லாபம் என்று பெயர்.